தோசைக்கல் அக்காவின் கை

யாங்கோனில் சாலையோரம் தோசைக்கல் போட்டிருக்கும் அக்கா ஒருவர், நான்காம் மாதத்தோடு மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். வயிற்றுவலி இல்லை, வாந்தி இல்லை. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அவருக்கு நன்றாகவே பிடித்திருந்தது. மாவு ஊற்றும் கை கருத்துப்போனதைப் பார்த்து, தினமும் வரும் ஒருவர் தட்டை வாங்காமல் எழுந்து போயிருக்கிறார். "நோவைக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி, அந்தப் பார்வையைத் தாங்க முடியலே" என்றார், வீட்டுக்குப் போய்க் கேட்டபோது.

மருந்து கொடுக்கும் எங்கள் மீதுதான் தவறு. எந்த மாத்திரையை எப்போது என்று விளக்கிய நாங்கள், நிறம் மாறும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை.

நிறத்தைத் தருவது அந்தக் கூட்டு மருந்தில் ஒன்றான குளோஃபாசிமின். 1950களில் டப்ளினில் காசநோய்க்காக உருவாக்கப்பட்டது. அடிப்படையில் அது ஒரு சாயப்பொருள். உடலின் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்குகிறது. சில மாதங்களில் தோல் செம்பழுப்பாகும், வறண்டு செதில் தட்டும். வெயில் படும் முகமும் கையும்தான் அதிகம் கருக்கும். நோய் முற்றுகிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள், அப்படியில்லை. மருந்து முடிந்தபின் நிறம் மங்கும், ஆனால் மாதக்கணக்கில். சிலருக்கு ஓராண்டும் தாண்டும். "சீக்கிரம் போயிடும்" என்று ஆறுதல் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அந்தச் சொல் பொய்க்கும்போது மருந்து மேலிருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போகிறது.

மாதம் ஒருமுறை எங்கள் முன்னால் விழுங்கும் ரிஃபாம்பிசின் வேறு விதம். அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். வெள்ளைச் சட்டையை அன்று மட்டும் தவிர்த்தால் போதும். ஆனால் கண்வெள்ளை மஞ்சளாகி, பசியற்றுக் குமட்டினால் அது சாயமாக இருக்காது. கல்லீரலைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே வாருங்கள்.

இந்த ஊரில் நம் தோல் நிறம் ஏற்கெனவே ஒரு பேச்சு. இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் 'கலா' என்ற பர்மியச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, இன்னும் கருப்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் சந்தையில் விற்கும் வெளுக்கவைக்கும் க்ரீம்களைத் தேடிப் போகிறார்கள். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்தவை அவற்றில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் துணை. முகத்துக்குத் தனகா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொள்ளலாம். ஊரே பூசுவதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்பவர்களுக்கு என்ன பதில் என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கேள்வி எதிர்பாராமல் வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தலை குனிகிறது. அக்காவுக்கு நாங்கள் பழக்கியது பர்மியச் சொல் மூன்றுதான்: "ஸே தௌக் லோ." மருந்து சாப்பிடுவதால். என்ன மருந்து, என்ன நோய் என்று சொல்லும் கடமை வழியில் போகிறவரிடம் கிடையாது. மருந்து தொடங்கிவிட்டால் அக்காவிடமிருந்து நோய் பரவாது என்பதையும் அவருக்கு மறுபடி மறுபடி சொன்னேன். கையைப் பார்த்து மற்றவரைவிட அதிகம் பயந்தது அவர்தான். பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தார்.

இரண்டு மாதம் விட்டுப்போனதே, எல்லாம் வீணா என்று கேட்டார். வீணில்லை. அவர் வகை நோய்க்குரிய பன்னிரண்டு மாத மருந்தைப் பதினெட்டு மாதத்துக்குள் முடித்தால் போதும். முதல் இரண்டு முறை மாத்திரை அட்டையை வாங்க மகளை அனுப்பினார். பிறகு அவரே வந்தார். அந்த வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை. இன்னொருவர் கையைப் பார்த்துக் கேட்டபோது, அக்கா கரண்டியை நிறுத்தாமலே பதில் சொல்லியிருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு தோசை கேட்டாராம். பன்னிரண்டாவது அட்டையும் முடிந்துவிட்டது. கை இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை. பிள்ளைக்கு ஊட்டுகிறார்.