மேப்பிள் பாணிக்கு இரவு உறைய வேண்டும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் விடுமுறையில், ரொறன்ரோவிலிருந்து மேப்பிள் தோப்பு பார்க்க வந்திருந்த ஒரு தங்கை குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "இன்றைக்கு நல்ல வெயில் அண்ணா, சாறு கொட்டுமே?" அவருடைய மகன் மரத்தில் தொங்கிய வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் ஈரமும் செத்த பூச்சி இரண்டும்தான் இருந்தன. நாலு நாளாக இரவிலும் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கவில்லை என்று சொன்னேன். "அதனால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை அன்று முழுதாகச் சொல்ல நேரமில்லை.

நான் கிழக்கு ஒன்ராறியோவில், லானார்க் கவுண்டியில், தனியார் காடு வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வனத்துறைப் பணியாளன். ஒன்ராறியோவின் மேப்பிள் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பகுதி இது. எந்த மரத்தை விடுவது, எதை வெட்டுவது, சாறு எடுக்க மரத்தில் எங்கே எவ்வளவு ஆழத்தில் துளை போடுவது என்பதெல்லாம் 2008 முதல் என் அன்றாட வேலை. (பாணி என்று நான் சொல்வது, மேப்பிள் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்து எடுப்பது; தமிழ்நாட்டு வழக்கில் பாகு. எங்கள் ஊரில் பனம்பாணி என்று சொல்லிப் பழகிய நாக்கு.)

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு மரத்திலிருந்து இனிப்பு எடுப்பது புதிதல்ல. ஆனால் பனையும் மேப்பிளும் அடிப்படையிலேயே வேறு. பனையில் பாளையைச் சீவுகிறோம். பாளைக்குப் போகிற சர்க்கரைதான் கருப்பநீராக, தமிழ்நாட்டில் பதநீர் என்பார்களே, அதுவாக இறங்குகிறது. மேப்பிளில் நாம் எடுப்பது போன கோடையின் சேமிப்பை. கோடையில் இலை செய்த சர்க்கரையை மரம் மாவுச்சத்தாக்கித் தண்டுக்குள் வைத்துக்கொள்கிறது. குளிர் வந்ததும் அந்த மாவுச்சத்தைத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. இலை ஒன்றுகூட இல்லாத மரத்தில், கட்டைக்குள் ஓடும் நீரில், சுமார் 2 சதவீதம் இனிப்பு.

சரி, அந்த நீரை வெளியே தள்ளுவது எது? பகல் வெயில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெயில் செய்வது பாதி வேலைதான், அதுவும் பிற்பாதி. இரவில் கிளைகள் உறையும்போது, கட்டையின் நார்களுக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது, உள்ளே பனிக்கட்டி படிகிறது. அதனால் ஓர் உறிஞ்சல் உண்டாகி, வேர் வழியாக மண்ணின் நீர் மேலே ஏறுகிறது. மறுநாள் பகலில் வெப்பம் பூச்சியத்தைத் தாண்டும்போது அந்தப் பனிக்கட்டி உருகும், சுருங்கிய காற்று விரியும், மரத்துக்குள் அழுத்தம் ஏறும். நல்ல நாளில் அது கார் டயரின் அழுத்தத்துக்கு ஈடாகும். நாம் போட்ட 8 மில்லிமீட்டர் துளை அந்த அழுத்தத்துக்கு ஒரு வாசல், அவ்வளவுதான்.

ஆகவே இரவில் −5 பாகை, பகலில் +5 பாகை என்றால் எங்களுக்குத் திருவிழா. இரவு உறையாவிட்டால் மரம் நீரை நிரப்பிக்கொள்ளாது. முதல் நாளோ இரண்டாம் நாளோ சொட்டும், பிறகு நின்றுவிடும். குளிர்காலம் சூடாகிறது என்று செய்தியில் கேட்கும்போது சராசரி வெப்பம் இத்தனை பாகை கூடியது என்பார்கள். மேப்பிள் தோப்பில் சராசரியால் பயனில்லை. பூச்சியத்தை மேலும் கீழும் கடக்கும் நாட்கள் எத்தனை, அவை எப்போது வருகின்றன, இந்த இரண்டும்தான் கணக்கு.

2012-ஐ என்னால் மறக்க முடியாது. அப்போது நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருடம். ஒரு குடும்பம், அறுநூறு துளை போடுகிறவர்கள், பெப்ரவரிக் கடைசியில் கூப்பிட்டு, "இப்போதே போடலாமா?" என்று கேட்டார்கள். வழக்கமான தேதி வரை பொறுங்கள், சீக்கிரம் போட்டால் துளை காய்ந்துவிடும் என்றேன். பாடப்புத்தகப்படி சரியான பதில். மார்ச் நடுவில் கண்டத்தின் கிழக்குப் பக்கம் முழுவதும் கோடை வந்ததுபோல் சுட்டது. ஒட்டாவாவில் 25 பாகையைத் தாண்டியது. மொட்டுகள் வீங்கின. அந்தக் குடும்பத்துக்குச் சாறு உருப்படியாக ஓடியது ஐந்து நாள். அமெரிக்கா முழுவதிலும் அந்த வருட உற்பத்தி முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து நான் யாருக்கும் தேதி சொல்வதில்லை; பத்து நாள் வானிலை முன்னறிவிப்பைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.

மொட்டு வீங்கினால் என்ன என்று கேட்பீர்கள். மரம் இலை விடத் தயாரானதும் சாற்றிலுள்ள அமினோ அமிலங்கள் மாறுகின்றன. அந்தச் சாற்றைக் காய்ச்சினால் கெட்ட சுவையும் வாடையும் வரும். எவ்வளவு சாறு ஓடினாலும் அத்தோடு பருவம் முடிந்தது. பருவத்தின் தொடக்கம் முன்னே நகர்ந்தால் சமாளிக்கலாம். முடிவு அதைவிட வேகமாக முன்னே வந்தால் நடுவில் மிஞ்சும் நாட்கள்தான் நசுங்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதும்தான். "உற்பத்தி கூடிக்கொண்டுதானே போகிறது?" உண்மை. உலகின் மேப்பிள் பாணியில் பெரும்பங்கு தரும் கியூபெக்கில் 2024-இல் 23.9 கோடி இறாத்தல் (பவுண்டு) கிடைத்தது. அதுவரை காணாத சாதனை. அதற்கு முந்தைய குளிர்காலம் கனடா பதிவேட்டிலேயே மிகச் சூடான குளிர்காலம். அப்படியானால் சூடு நல்லதுதானே என்று என்னிடமே வாதிட்டிருக்கிறார்கள்.

ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் வரிசையாகப் பாருங்கள். 2021-இல் 13.3 கோடி. 2022-இல் 21.1 கோடி. 2023-இல் 12.4 கோடி. பிறகு அந்த 23.9. இது வளர்ச்சிக் கோடு அல்ல, ஊஞ்சல். ஊஞ்சல் ஆடும்போதெல்லாம் சந்தை விழாமல் இருக்கக் காரணம், கியூபெக் உற்பத்தியாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் சேமிப்புக் கிடங்கு. நல்ல வருடத்து உபரியைப் பீப்பாய்களில் அடைத்து வைத்து, கெட்ட வருடத்தில் திறப்பார்கள். 2021-இல் ஏறக்குறைய 5 கோடி இறாத்தலை வெளியே விட்டார்கள். 2023 விளைச்சலுக்குப் பிறகு கையிருப்பு 69 இலட்சம் இறாத்தலாகக் கரைந்தது. 16 வருடங்களில் அதுவே மிகக் குறைவு.

மொத்த விளைச்சல் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. துளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. 2021-இல் மட்டும் கியூபெக்கில் 70 இலட்சம் புதிய துளைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். வாளிக்குப் பதிலாக மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடுகிறது, அதன் முனையில் வெற்றிட பம்பு இழுக்கிறது. மரத்தின் சொந்த அழுத்தம் குறைந்த நாளிலும் பம்பு சாறு எடுத்துவிடும். பிறகு ஆர்.ஓ. இயந்திரம், வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கிறோமே அதே முறை, அடுப்பில் ஏற்றும் முன்பே தண்ணீரின் பெரும்பகுதியைப் பிரித்துவிடுகிறது. இவை நல்ல கருவிகள், நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் நடக்கும் மாற்றத்தை இவை கண்ணுக்குத் தெரியாமல் மூடியும் வைக்கின்றன. பம்பு வாங்க முடியாமல் முந்நூறு வாளி வைத்திருக்கும் முதியவர்தான் உண்மையான நிலவரத்தை முதலில் உணர்கிறார். அப்படி ஒருவருடைய கொட்டகைச் சுவரில், ஒவ்வொரு வருடமும் முதல் அடுப்பு மூட்டிய தேதி பென்சிலால் எழுதியிருக்கிறது. தகப்பன் கையெழுத்தில் பெரும்பாலும் மார்ச் நடு. மகன் கையெழுத்தில் மார்ச் முதல் வாரம், பிறகு பெப்ரவரி. அதிலும் எனக்குப் பட்டது தேதிகள் முன்னே வந்தது மட்டுமல்ல, பக்கத்துப் பக்கத்து வருடங்களுக்கு நடுவே விழும் இடைவெளி. தகப்பன் காலத்தில் அது சில நாள். இப்போது சில வாரம்.

வெர்ஜீனியாவிலிருந்து கியூபெக் வரை ஆறு இடங்களில் சாற்றை அளந்து, ஜோஷுவா ராப் தலைமையிலான குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2100 வாக்கில் பருவம் சுமார் ஒரு மாதம் முன்னே போகும். சாறு அதிகம் ஓடும் பகுதி 400 கிலோமீட்டர் வடக்கே, 48-ஆம் அகலாங்கை ஒட்டி நகரும் என்பது அவர்களின் கணிப்பு. வடக்கே இன்று பகலிலும் உறைந்து கிடக்கும் இடங்களுக்கு இது இலாபம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காலநிலை நகரும் வேகத்தில் காடு நகராது. துளை போடும் அளவுக்கு, அதாவது சுமார் 25 சென்ரிமீட்டர் விட்டத்துக்கு, ஒரு சீனி மேப்பிள் பருக்க 40 வருடம் ஆகும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: கோடை சூடானால் அடுத்த வசந்தத்தில் சாற்றின் இனிப்புக் குறைகிறது. இதன் விலை என்ன என்று பழைய தோப்புக்காரர்களின் கணக்கு ஒன்று சொல்லும். 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாணிக்கு எத்தனை லிட்டர் சாறு என்பது கிடைக்கும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். 1.8 என்றால் 48 லிட்டர். ஒரு துளை ஒரு பருவம் முழுக்கத் தருவதே ஏறக்குறைய 40 லிட்டர்தான்.

பனிப்பொழிவு குறைவதும் வேறொரு விதத்தில் கெடுதல். தரையில் கிடக்கும் பனி மேப்பிளின் வேருக்குப் போர்வை. அது இல்லாத இடத்தில் ஒரு கடுங்குளிர் இரவு வந்தால் மண்ணே உறைந்து, மேலாக ஓடும் மெல்லிய வேர்கள் சாகும். நியூ ஹாம்ப்ஷயரின் ஹபர்ட் புரூக் காட்டில் குளிர்காலத் தொடக்கத்தில் பனியை வாரி அகற்றிப் பரிசோதித்தார்கள். சீனி மேப்பிள்களின் வளர்ச்சி தெளிவாகக் குறைந்தது. சூடான குளிர்காலம் வேரை உறைய வைக்கும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் நடப்பது அதுதான். இதோடு 2022 மே மாதப் பெரும்புயலும் 2025 மார்ச் கடைசியில் வந்த பனிக்கட்டி மழையும் எங்கள் மாகாணத்துத் தோப்புகளில் முறித்துப் போட்ட மரங்களைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரை.

சாறு மரத்தை விட்டு வந்த பிறகும் குளிர் தேவை. பனையில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுகிறோம், கருப்பநீர் புளிக்காமல் இருக்க. மேப்பிளில் அந்தச் சுண்ணாம்பின் வேலையைக் குளிர்தான் செய்கிறது. வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையை உடைக்கும். காய்ச்சும்போது பாணி கறுக்கும். கடையில் கருமையான போத்தலைப் பார்த்து, ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று நம்மவர்கள் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அது கலப்படம் அல்ல. பருவத்தின் பிற்பகுதியில் எடுத்தது, சுவை கூடுதல் அழுத்தம், அவ்வளவே. தோசைக்கோ புட்டுக்கோ எனக்கு அதுதான் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் நிறத்தை விட்டுவிட்டு, உட்பொருள் பட்டியலில் மேப்பிள் தவிர வேறு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோப்பு வைத்திருப்பவர்களிடம் நான் இப்போது வற்புறுத்துவது சிலவற்றைத்தான். சீக்கிரம் துளை போட அஞ்ச வேண்டாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் துளைக்குள் செருகும் குழாய்முனையைப் புதிதாகப் போடுங்கள். துளை மூடிக்கொள்வதற்கு நுண்ணுயிர்கள்தான் முக்கியக் காரணம்; சுத்தமில்லாத துளை ஆறு எட்டு வாரத்தில் வற்றிவிடும். சாறு மரத்துக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும் வால்வு வைத்த முனையை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புரொக்டர் ஆய்வு மையம் உருவாக்கியது. ஜனவரியில் துளை போட நேர்ந்தால் அதன் அருமை தெரியும். கெட்ட வருடத்தில் அதே மரத்தில் இரண்டாவது துளை போடும் ஆசை வரும், வேண்டாம். ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் ஒரு கீற்று அளவு கட்டை நிரந்தரமாகச் செத்துப்போகிறது, அங்கே இனிச் சாறு ஓடாது.

அப்புறம், தோப்பு முழுவதும் சீனி மேப்பிளாக்குவதற்காக மற்ற மரங்களை வெட்டாதீர்கள். பாஸ்வுட், செர்ரி, பீச் எல்லாம் நிற்கட்டும்; ஒரே இனம் நிற்கும் காட்டில் ஒரு பூச்சி போதும். செம்மேப்பிளையும் விட்டுவையுங்கள். அது சற்று முன்னதாக மொட்டு விடும், ஆனால் ஈரமும் வறட்சியும் தாங்கும்.

இந்த மார்ச்சில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர நினைப்பவர்கள், கிளம்பும் முன் தோப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போட்டு, நேற்று இரவு உறைந்ததா என்று கேளுங்கள். பெப்ரவரியிலேயே சாறு ஓடுகிறது என்றால் பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரு சனிக்கிழமை வந்துவிடுங்கள். கொட்டகைக்குள் போனால் சுவரையும் பாருங்கள். பல இடங்களில் அந்தப் பென்சில் தேதிகள் இருக்கும். கேட்டால் வாசித்துக் காட்டுவார்கள்.