ஹெல்த் ட்ரிங்க்: சொல் விளக்கம்

பாலில் கலந்து குடிக்கிற, மால்ட்டும் சர்க்கரையும் சேர்ந்த பொடியைத்தான் நம் வீடுகளில் ஹெல்த் ட்ரிங்க் என்கிறோம். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா எல்லாம் இதில் அடக்கம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். "பூஸ்ட் போட்டாத்தான் பாலையே தொடுவான்" என்று அலுத்துக்கொள்ளாத அம்மா அபூர்வம்.

இவ்வளவு புழங்கும் சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இதை எங்கும் வரையறுக்கவில்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் சார்ந்த பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று இணைய வணிக நிறுவனங்களிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர், அந்தப் பிரிவின் பெயரை 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் ட்ரிங்க்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. இதற்குப் பழைய பெயரே தேவலை, வாயிலாவது நுழைந்தது.

பொடியின் பூர்வீகம் அமெரிக்கா. அங்கே குடியேறிய ஹார்லிக் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயர்கள் 1873-இல் சிகாகோவில் தொழில் தொடங்கினார்கள். மால்ட்டும் பாலும் சேர்ந்த அவர்கள் சரக்கு, குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவாகவே விற்கப்பட்டது. 1930-களில் இங்கிலாந்து விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்றொரு குறைபாட்டைத் தாங்களே உண்டாக்கி, படுக்கப் போகும் முன் இதைக் குடிக்கச் சொல்லின. அங்கே தூங்க வைத்த அதே பானம், இங்கே பிள்ளைகளை உயரமாகவும் பலசாலியாகவும் புத்திசாலியாகவும் ஆக்குவதாக விற்றது. வங்கதேசத்துக்காக எடுத்த அப்படியொரு விளம்பரம் பிரிட்டனிலும் ஒளிபரப்பாகிவிட, 2008-இல் அந்நாட்டு விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு அதற்குத் தடை போட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆரோக்கிய பானம்' எனக்கு ஒப்பவில்லை. ரோகம் இல்லாத நிலைதான் ஆரோக்கியம். அப்படிச் சொன்னால் விளம்பரத்தையும் சேர்த்து மொழிபெயர்த்ததாகிவிடும். 'சத்துபானம்' என்பதிலும் அதே வில்லங்கம். உள்ளே இருப்பதை வைத்துப் பெயரிடலாம். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். முளைக்கும்போது மாவுச்சத்து உடைவதால் இனிப்பு கூடும், காய்ச்சினால் கஞ்சி இளகும். கேழ்வரகைத் துணியில் கட்டி முளைக்கவைத்து, காயப்போட்டு, வறுத்து அரைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆகவே மால்ட்டுக்கு 'முளைமாவு', கடைப் பொடிக்கு 'இனிப்பு முளைமாவு' என்பது என் பரிந்துரை.

இனிப்பு என்பதை ஏன் பெயரிலேயே சேர்க்க வேண்டும் என்பவர்கள் பாட்டிலைத் திருப்பி, பொருள் பட்டியலைப் பார்க்கலாம். எடையில் அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள்.