கச்சாப் புரதம் வேண்டாம், மதிப்பீட்டுப் புரதம் போதும்

தீவனப் பட்டியல் எதை எடுத்தாலும் 'கச்சாப் புரதம்' என்று ஒரு பத்தி நிற்கிறது. மேய்ச்சல் நிலத்துப் புல்லைப் பற்றி எழுதுகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கச்சா இந்திச் சொல். வேகாதது, பழுக்காதது என்று பொருள். ஆங்கிலத்தில் 'குரூட் புரோட்டீன்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்தக் 'குரூட்' லத்தீன் வழி வந்தது, அதற்கும் ஆதிப் பொருள் வேகாதது, பச்சையானது என்பதுதான். சரி, பொருத்தம்தானே என்றால், இல்லை. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோல் கிடைக்கும். கச்சாப் புரதம் சுத்திகரிக்கக் கிடைக்கும் சரக்கே அல்ல, வெறும் கணக்கு.

டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறைப்படி புல்லில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அந்தப் பெருக்கல். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கினால் நூறு கிலோ யூரியாவில் 287 கிலோ 'புரதம்'! இதனால்தான் சிலர் சொல்லும் 'மொத்தப் புரதம்' என்பதையும் ஏற்க முடியவில்லை. புரதமே அல்லாததையும் சேர்த்துவிட்டு மொத்தப் புரதம் என்பது எப்படி?

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில், இந்தக் கணக்குக்கும் உண்மையான புரதத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல் சண்டை அல்ல. ஐப்பசி மழைக்குத் தழைக்கும் இளங் கொழுக்கட்டைப் புல்லில் இந்த எண் 10 சதவீதத்தைத் தாண்டும். முற்றிக் காய்ந்தால் 5-க்கும் கீழே இறங்கலாம். ஏறக்குறைய 7-க்குக் கீழே போனால் இரைப்பை நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாமல் மாடு தின்பதே குறையும். இளம்புல்லின் நைட்ரஜனில் ஒரு பங்கு புரதமாகவே இருக்காது. காய்ந்த புல்லில் ஒரு பங்கு நாரோடு ஒட்டிக்கொண்டு செரிக்காமல் சாணத்தில் போய்விடும். கோடையில் உதிரும் வெள்வேலங்காய்தான் அப்போது கைகொடுக்கிறது. இவ்வளவையும் 'கச்சா' என்ற ஒரு சொல் மறைக்கிறது. படிக்கிற விவசாயி, பச்சைப் புல்லில் கச்சா, வைக்கோலில் பக்கா என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'குத்துமதிப்புப் புரதம்' என்றால் எல்லாருக்கும் புரியும், ஆனால் ஆய்வகக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் மதிப்பீட்டுப் புரதம் என்கிறேன். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த பத்தியில் 'கச்சா நார்' என்றும் எழுதுகிறார்கள். அமிலத்தில் ஒரு முறை, காரத்தில் ஒரு முறை கொதிக்கவைத்த பிறகு மிஞ்சுவது அது. அப்புறமும் வேகாததாம்!