டவுன்டைம்: 'வேலையில்லா நேரம்' அல்ல, முடக்கநேரம்

ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் கீழே. நம் பேச்சிலும் "சர்வர் படுத்துடுச்சு" என்கிறோம், உருவகம் ஒன்றுதான். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி நிற்கும் பொழுதைக் குறிக்கும் 'டவுன்டைம்' கணினித் துறையிலும் நிலைத்துவிட்டது.

இதை 'வேலையில்லா நேரம்' என்று பெயர்ப்பது பிழை. இயந்திரம் நன்றாக இருந்தும் செய்ய வேலை இல்லாத பொழுது அது. ஆங்கிலத்தில் 'ஐடில் டைம்'. 'இயங்காநேரம்' பரவாயில்லை, ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பைத் துண்டித்தது. தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களுக்கு எப்படிப் போவது என்று சொல்லும் வழித்தட அறிவிப்புகளும் இணையத்திலிருந்து மறைந்தன. அந்த சர்வர்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. போய்ச்சேர வழிதான் இல்லை. தளம் உண்மையானது என்று உலாவிக்கு உறுதிசொல்லும் டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானாலும் இதே கதை: கண்காணிப்புத் திரையில் சிபியு, நினைவகம் எல்லாம் பச்சை, உலாவியோ எச்சரிக்கையைக் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடும்.

எனவே 'முடக்கநேரம்' பொருத்தம். "சேவை முடங்கியது" என்று செய்திகளில் ஏற்கனவே புழங்குகிறது. "கணக்கை முடக்கினர்" என்பதில் வேண்டுமென்றே நிறுத்தும் பொருளும் ஒட்டிக்கொண்டிருப்பதால், முன்னறிவித்துச் செய்வதைப் 'பராமரிப்பு நிறுத்தம்' என்று பிரித்துவிடலாம். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 99.9% நேரம் சேவை கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் முடங்கலாம், 99.99% என்றால் 53 நிமிடம்தான். பராமரிப்பு நிறுத்தம் அதில் சேருமா என்பதை எழுதி வைக்காவிட்டால் அபராதம் கேட்கும்போது சண்டைதான்.

கடிகாரத்தை எங்கே தொடங்குவது? புகார் பதிவான நிமிடத்தில் அல்ல, முதல் பயனருக்குச் சேவை கிடைக்காமல் போன நிமிடத்தில். முடிவும் அப்படியே: சர்வர் எழுந்ததும் நிறுத்திவிடக் கூடாது, வரிசையில் தேங்கிய ஆர்டர்கள் தீர்ந்தபிறகே நிறுத்த வேண்டும். அந்த மணிநேர விற்பனையை மட்டும் நட்டக் கணக்கில் போடுபவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்த ஊழியர் சம்பளத்தையும், தேக்கத்தைத் தீர்க்கும் கூடுதல் உழைப்பையும் விட்டுவிடுகிறார்கள்.

காரணங்களில் வன்பொருள் பழுதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நிகழ்வுகளைப் பதிந்துவரும் லாக் கோப்பு பெருகி வட்டு நிரம்புவதும், சோதிக்காத அப்டேட்டும் அதைவிட எரிச்சலானவை, தடுத்திருக்கக்கூடியவை என்பதால். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். முடக்கநேரமோ பல இடங்களில் நாள்கணக்கில் நீண்டது: பல கணினிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அடிப்படை மென்பொருள் மட்டும் இயங்கும் நிலை) திறந்து கையாலேயே பிழையான கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டியவற்றுக்கு மீட்புச் சாவி வேறு வேண்டும். சாவியை வைத்திருக்கும் சர்வரும் நீலத்திரையில் நின்றால், முதலில் எழுப்ப வேண்டியது அதைத்தான்.