உள்ளே போய்த் தாழ்போடும் மருந்து

சிங்கப்பூரின் பிடோக்கில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன மாதம் ஒரு பிற்பகலில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்துவிட்டார். “தொடையில ஊசி போட்டு மரத்துப்போக வச்சாங்க, வலியே இல்ல. ஆனா கால் மட்டும் நிக்குதே, எப்படிடா?” என்றார்.

வலி என்பது நரம்பில் ஓடும் மின் அலை. சோடியம் அயனிகள் நரம்பின் வாசல்கள் வழியே உள்ளே பாயப் பாய, அலை மூளையை நோக்கி நகரும். இது பள்ளியில் படித்ததுதான். வாசலை அடைத்தால் அலை நின்றுவிடும். வேடிக்கை, அடைக்கும் விதத்தில் இருக்கிறது.

ரோப்பிவக்கெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் அந்த வாசலை வெளியிலிருந்து அடைப்பதில்லை. உடம்பின் பி.எச், அதாவது அமில-கார அளவு, 7.4. அதில் இந்த மருந்தின் மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மின்சுமை இல்லாமல் இருக்கும். நரம்பின் கொழுப்புச் சுவரை ஊடுருவ அவற்றால்தான் முடியும். உள்ளே போனதும் பெரும்பாலானவை ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்சுமை பெறுகின்றன. அந்தக் கோலத்தில்தான் வாசலை உள்பக்கமிருந்து அடைக்கின்றன. சுவரேறிக் குதித்த திருடன், வீட்டுக்காரர் வராதபடி உள்ளே தாழ்போட்டுக்கொண்ட கதை! சீழ் பிடித்த பல்லுக்கு மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாததற்கும் இது ஒரு காரணம். அங்கே அமிலம் அதிகம். மருந்து வெளியிலேயே மின்சுமை ஏறி நின்றுவிடுகிறது.

பெயரில் உள்ள ‘கெய்ன்’ கொக்கெய்னின் வால். 1884இல் கார்ல் கொல்லர் என்ற மருத்துவர் கண் அறுவைக்கு மரப்பு மருந்தாக அதைத்தான் பயன்படுத்தினார்.

சரி, பெரியம்மாவின் கால் எப்படி நின்றது? கவட்டையருகே தொடை நரம்பை மரக்கவைத்தால் முழங்காலை நிமிர்த்தும் தசையும் சேர்ந்து தளரும்; எழுந்தால் கால் மடங்கும். அதனால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நடுத்தொடையில் ஊசி போடுகிறார்கள். அந்த இடத்துக்கு வருவதற்குள் தசைக்கான கிளைகள் பெரும்பாலும் பிரிந்து போயிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் உணர்ச்சி நரம்பு.

“நரம்புல ஊசி போட்டா ஆயுசுக்கும் கால் இழுத்துக்கும்” என்று எதிர்வீட்டு அக்கா முன்பே பயமுறுத்தியிருந்தார். நரம்பு காயப்படுவது உண்டு, ஆனால் அபூர்வம். பட்டாலும் பெரும்பாலும் நாளாவட்டத்தில் சரியாகிவிடும். எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று: வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதுதான் வைராக்கியம் என்ற நினைப்பு. வலிக்குப் பயந்து காலை மடக்காமல் கிடந்தால் புது மூட்டு இறுகிப்போகும்.

பெரியம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு ஊசி பாதி நாளிலிருந்து ஒரு நாள் வரைதான் தாங்கும். அப்புறம் ரத்தம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போய்விடும். முட்டியின் பின்பக்க வலிக்கு அந்த ஊசி முழுதாக எட்டுவதும் இல்லை. அதனால்தான் கூடவே மாத்திரையும் தருகிறார்கள். “வலிக்காதப்ப மாத்திரை எதுக்கு?” என்று காலை மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு மரப்பு விட்டது. சாயங்கால மாத்திரையை, தாதி வருவதற்கு முன்பே மணி பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்.