ஐரோப்பாவின் வறுமை ஒழிப்பு ஏற்பாடு: எது உரிமை, எது வெறும் பரிந்துரை?

2030-க்குள் குறைந்தது ஒன்றரைக் கோடிப் பேரை வறுமையிலிருந்தும் சமூக ஒதுக்கலிலிருந்தும் (ஊரோடு சேர்ந்து வாழ வழியில்லாமல் ஒதுங்கிப்போவதிலிருந்தும்) மீட்கப் போவதாக ஐரோப்பிய ஒன்றியம் சொல்லியிருக்கிறது, அதில் 50 லட்சம் பேராவது குழந்தைகளாக இருக்க வேண்டுமாம். இந்தச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும்: அப்படியானால் எங்கே போய் விண்ணப்பிப்பது? எங்கேயும் முடியாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து யாருடைய வங்கிக் கணக்குக்கும் மாதாமாதம் உதவித்தொகை வருவதில்லை. உதவித்தொகை, வாடகை உதவி, குழந்தைப் படி எல்லாமே அந்தந்த நாட்டுச் சட்டப்படி, அந்தந்த நாட்டு அலுவலகம் கொடுப்பது. ஒன்றியம் செய்வது வேறு வேலை. 27 நாடுகளும் ஒரே இலக்கு வைத்து, ஒரே அளவுகோலால் அளந்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக் கேள்வி கேட்கும்படி வைத்திருக்கிறது. இடையில் ஒரு சில விஷயங்கள் மட்டும் உண்மையிலேயே சட்ட உரிமைகள். அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் நமக்கு உபயோகம்.

ஏன் இப்படி ஒரு சுற்றுவழி என்றால், அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1975-இலேயே வறுமை ஒழிப்புக்கான சோதனைத் திட்டங்கள் தொடங்கிவிட்டன, அடுத்தடுத்து மூன்று கட்டங்கள் ஓடின. நான்காவது கட்டத்துக்கு 1990-களில் உறுப்பு நாடுகளிடையே ஒப்புதல் கிடைக்கவில்லை. இருந்தும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சமூக ஒதுக்கலுக்கு எதிரான பல திட்டங்களுக்குத் தானாகவே நிதி ஒதுக்கியது. பிரிட்டன் வழக்குப் போட்டது. சட்ட அடிப்படை இல்லாமல் ஆணையம் இப்படிச் செலவழிக்க முடியாது என்று 1998-இல் ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று மட்டும் விட்டுவைத்தது. அப்புறம் ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் வந்த திருத்தங்களில் சமூக ஒதுக்கலை எதிர்ப்பது ஒன்றியத்தின் வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் நாடுகளிடையே ஒத்துழைப்பை ஊக்குவிக்கலாம், அவற்றின் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக் கூடாது என்ற வரம்போடு. இன்றைக்கும் அந்த வரம்பு அப்படியே இருக்கிறது.

2000 மார்ச்சில் லிஸ்பனில் கூடிய தலைவர்கள் அந்த வரம்புக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொது நோக்கங்களைச் சேர்ந்து முடிவு செய்வது, ஒவ்வொரு நாடும் தன் செயல்திட்டத்தை எழுதிக் கொடுப்பது, பொதுக் குறியீடுகளால் அளப்பது, ஒரு நாட்டில் நடப்பதை மற்ற நாட்டு அதிகாரிகள் நேரில் பார்த்து விவாதிப்பது. அபராதம் கிடையாது. இப்போது இது ஆண்டுதோறும் நடக்கும் பொருளாதாரக் கொள்கைச் சுற்றுக்குள் போய்விட்டது. அந்தச் சுற்றில் ஒவ்வொரு நாட்டுக்கும் பரிந்துரைகள் போகின்றன, "உங்கள் குறைந்தபட்ச வருமான உதவி போதவில்லை" என்கிற மாதிரி. கேட்டால் கேட்கலாம், கேட்காவிட்டால் அடுத்த வருடமும் அதே பரிந்துரை வரும். பெயர் கெடுமே என்ற கூச்சத்தை நம்பி ஓடுகிற ஏற்பாடு இது. கூச்சப்படாத அரசாங்கத்திடம் இதற்கு அதிக வலு இல்லை என்பதே என் எண்ணம்.

இலக்குகளின் கதையும் அப்படித்தான். 2010-க்குள் வறுமை ஒழிப்பில் தீர்க்கமான மாற்றம் என்றார்கள், அது நடக்கவில்லை. 2020-க்குள் 2 கோடிப் பேர் என்றார்கள், நடுவில் பொருளாதார நெருக்கடி வந்து எண்ணிக்கை முதலில் ஏறியது, பிறகு இறங்கியும் இலக்கைத் தொடவில்லை. 2021 மே மாதம் போர்ட்டோ மாநாட்டையொட்டி வந்ததுதான் இப்போதைய 2030 இலக்கு. 2024 கணக்குப்படி ஒன்றியத்தில் 9 கோடியே 33 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 21 சதவீதம், வறுமை அல்லது சமூக ஒதுக்கல் அபாயத்தில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவர்!

இந்த 21 சதவீதத்துக்குள் யார் வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மூன்று சோதனைகள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றில் சிக்கினாலே போதும். முதலாவது வருமானம். வரி போக, உதவித்தொகைகள் சேர, வீட்டுக்கு வரும் வருமானத்தை ஆள் கணக்குக்குப் பிரிப்பார்கள், ஆனால் தலைக்குச் சமமாக அல்ல. முதல் பெரியவர் 1, வீட்டில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவரும் 0.5, 14 வயதுக்குக் கீழே ஒவ்வொரு குழந்தையும் 0.3. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் மொத்தம் 2.1. அந்த வீட்டுக்கு மாதம் 2,100 யூரோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம், வகுத்தால் 1,000. இப்போது நாட்டில் எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தை எடுக்கிறார்கள். அது 1,800 என்றால் அதில் 60 சதவீதம் 1,080. நம் குடும்பம் கோட்டுக்குக் கீழே. அதே 2,100 யூரோ, நடுவருமானம் குறைவாக உள்ள இன்னொரு நாட்டில் கோட்டுக்கு மேலே இருக்கும். நாட்டுக்கு நாடு கோடு மாறுவது குறை இல்லை, தன்னைச் சுற்றி வாழ்கிறவர்களிடமிருந்து ஒருவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பதைத்தான் அது அளக்கிறது. ஆனால் ஒரு விபரீதமும் உண்டு: நெருக்கடியில் எல்லாருடைய வருமானமும் சேர்ந்து விழுந்தால் கோடும் கூடவே இறங்கிவிடும். கிரீஸில் அப்படித்தான் நடந்தது. முன்பிருந்ததைவிட மோசமாக வாழ்ந்துகொண்டே சிலர் கணக்கில் ஏழைகள் இல்லை என்று ஆனார்கள்.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வாழ்க்கை இதில்தான் தெரிகிறது. 13 விஷயங்களைக் கேட்பார்கள், பணமில்லாததால் 7 அல்லது அதற்கு மேல் முடியவில்லை என்றால் கடும் இல்லாமை. திடீர்ச் செலவைச் சமாளிக்க முடியுமா, வாடகையோ மின்கட்டணமோ பாக்கி இருக்கிறதா, வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க முடிகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளாவது இறைச்சி, மீன் அல்லது அதற்கு ஈடான சைவ உணவு கிடைக்கிறதா, வருடத்தில் ஒரு வாரம் வெளியூர் போய்த் தங்க முடியுமா, கார் உண்டா, தேய்ந்துபோன மேசை நாற்காலியை மாற்ற முடியுமா. இவை வீட்டைப் பற்றியவை. மற்ற ஆறும் ஆளைப் பற்றியவை: காலுக்குச் சரியான இரண்டு ஜோடிச் செருப்போ ஷூவோ, பழைய துணிக்குப் பதில் புதுத் துணி, இணைய இணைப்பு, தனக்கென்று வாரம் ஒரு சிறு தொகை, பொழுதுபோக்கு, மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடோ உறவினரோடோ உட்கார்ந்து சாப்பிடுவது. கடைசிக் கேள்வியை யார் சேர்த்தார்களோ அவருக்கு வறுமை தெரிந்திருக்கிறது. பணம் இல்லாதவர் முதலில் விடுவது மருந்தையோ சோற்றையோ அல்ல, அழைப்புகளை.

மூன்றாவது, வீட்டில் வேலைக்குப் போகக்கூடிய வயதுள்ளவர்கள் மொத்தமாகச் செய்திருக்கக்கூடிய வேலையில் 20 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் செய்தார்கள் என்றால் அதுவும் கணக்கில் வரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் புள்ளிவிவரத்துக்கானவை. "நான் 60 சதவீதக் கோட்டுக்குக் கீழே இருக்கிறேன், உதவி கொடுங்கள்" என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டால் எடுபடாது. அவர்களுக்குத் தனி வருமான வரம்பு இருக்கும், பல நாடுகளில் அது இந்தக் கோட்டுக்கு நன்றாகவே கீழே இருக்கும்.

சரி, இனி உரிமைகளுக்கு வருவோம். முதலில் உரிமை போலத் தெரிந்தும் உரிமை அல்லாதவை. 2021 ஜூனில் வந்த குழந்தைகளுக்கான உத்தரவாதம், தேவையுள்ள குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி, பள்ளிக்கல்வி, மருத்துவம், பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் ஒரு சத்தான சாப்பாடாவது கிடைக்க வேண்டும் என்கிறது. பெயரில் உத்தரவாதம், வடிவத்தில் பரிந்துரை. பள்ளியில் சாப்பாடு தரவில்லை என்று இதைக் காட்டி வழக்குப் போட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு நாடும் இதற்கென ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்து 2030 வரைக்குமான செயல்திட்டம் வெளியிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் நாட்டின் திட்டத்தைத் தேடிப் படித்து, அதில் வாக்களித்ததை வைத்துக் கேட்பது பலன் தரும். 2023 ஜனவரியில் வந்த குறைந்தபட்ச வருமானப் பரிந்துரையும் இதே ரகம். விண்ணப்பித்த 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது, ஆனால் அதைக் கட்டாயமாக்க வேண்டியது உள்நாட்டுச் சட்டம்.

பணமும் கொஞ்சம் வருகிறது. 2021 முதல் 2027 வரையான ஐரோப்பிய சமூக நிதியில் ஒவ்வொரு நாடும் குறைந்தது 25 சதவீதத்தை ஒதுக்கப்பட்டவர்களைச் சமூகத்தோடு சேர்க்கும் பணிகளுக்கும், 3 சதவீதத்தை உணவு, அடிப்படைப் பொருள் உதவிக்கும் ஒதுக்க வேண்டும். குழந்தை வறுமை சராசரியைவிட அதிகமுள்ள நாடுகள் அதற்கென 5 சதவீதமாவது ஒதுக்க வேண்டும். இது தொண்டு அமைப்புகள், நகராட்சிகள், பயிற்சி மையங்கள் வழியாகத்தான் உங்களை வந்தடையும். உணவு வங்கியில் வாங்கும் பையில் ஒன்றியத்தின் கொடி ஒட்டியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கட்டாயமாக உள்ளவற்றில் முதலாவது வங்கிக் கணக்கு. 2014-இல் வந்த சட்டப்படி ஒன்றியத்தில் சட்டபூர்வமாக வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு திறக்க உரிமை உண்டு. நிரந்தர முகவரி இல்லாதவர், தஞ்சம் கோரி விண்ணப்பித்தவர், வதிவிட அனுமதி இல்லாவிட்டாலும் சட்டப்படி வெளியேற்ற முடியாத நிலையில் இருப்பவர் எல்லாரும் இதில் அடக்கம். வேலை இல்லை, கையில் காசு இல்லை என்பது மறுக்கக் காரணம் ஆகாது. எல்லா வங்கியும் தர வேண்டும் என்றில்லை, எந்தெந்த வங்கி என்பதை நாடு தீர்மானிக்கும். முழு விண்ணப்பம் கிடைத்து 10 வேலைநாளுக்குள் கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், எங்கே புகார் செய்வது என்பதையும் சேர்த்து. கவுன்டரில் "முடியாது" என்று வாயால் சொல்லி அனுப்பினால், எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். கணக்கு இல்லாமல் சம்பளமும் வராது, உதவித்தொகையும் வராது, வாடகைக்கு வீடும் கிடைக்காது என்பதால் நடைமுறையில் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி என்பேன்.

இரண்டாவது, நாடு விட்டு நாடு போய் வேலை செய்கிறவர்களின் சமூகப் பாதுகாப்பு. ஒரு நாட்டில் வேலை, பிள்ளை இன்னொரு உறுப்பு நாட்டில் என்றாலும் குடும்பப் படி உண்டு, குறைக்காமல். ஆஸ்திரியா 2019 முதல் பிள்ளை வசிக்கும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்ப அந்தப் படியைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தது. அது செல்லாது என்று 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. விண்ணப்பத்தைத் தவறான நாட்டில் கொடுத்துவிட்டாலும் அவர்களே சரியான அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், முதலில் கொடுத்த தேதியே தேதி.

ஆனால் ஏழ்மையைப் பார்த்துத் தரும் சமூக உதவி வேறு. வேலை செய்யாத ஒன்றியக் குடிமகன் இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனால் முதல் மூன்று மாதம் அதைத் தர அந்த நாட்டுக்குக் கட்டாயமில்லை. அதற்குப் பிறகும், தன்னைத் தானே பராமரிக்க வழியில்லாமல் வேலையும் தேடாமல் இருப்பவருக்கு மறுக்கலாம் என்று 2014-இல் ஜெர்மனியிலிருந்து போன வழக்கில் தீர்ப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்தவருக்கு உள்ளூர்க்காரருக்குச் சமமான உரிமை, ஐந்து வருடம் சட்டப்படி வசித்தவருக்கு நிரந்தர வதிவிடமும் அதோடு சம உரிமையும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களும் ஐந்து வருடத்துக்குப் பின் பெரும்பாலான நாடுகளில் நீண்டகால வதிவாளர் தகுதி கேட்கலாம். அது கிடைத்தால் அடிப்படைச் சமூக உதவியில் வேற்றுமை காட்ட முடியாது.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் இன்று நேரடியாகப் பொருந்தாது, 2020 தொடக்கத்தில் வெளியேறிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உறுப்பு நாடுகள் இல்லை என்றாலும், சமூகப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் மூலம் அங்கேயும் நீள்கிறது.

மறுத்துவிட்டார்கள் என்றால் முதலில் அந்த நாட்டு மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள், அது மிகக் குறுகியதாகவும் இருக்கும், வேறெதற்காகவும் காத்திருக்காது. பிரச்சினை இரண்டு உறுப்பு நாடுகள் சம்பந்தப்பட்டது, அதிகாரிகள் ஒன்றியச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றால் சால்விட் என்ற இலவச சேவை இருக்கிறது. இணையத்தில் எழுதினால் உங்கள் பக்க மையமும் அந்த நாட்டு மையமும் பேசித் தீர்க்கப் பார்க்கும், பத்து வாரத்துக்குள் என்பது அவர்கள் வைத்திருக்கும் கெடு. நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்கை அவர்கள் எடுக்க மாட்டார்கள், சால்விட்டுக்கு எழுதியதால் மேல்முறையீட்டுக் கெடு நிற்கவும் நிற்காது. எழுதும்போது மறுப்புக் கடிதத்தின் நகலைச் சேர்த்து அனுப்புங்கள்.