கிளாமிடியா: போர்வைக்குள் ஒரு பாக்டீரியா

கிளாமிடியா என்பதன் வேர் ‘கிளாமிஸ்’ என்ற கிரேக்கச் சொல். குதிரைவீரர்கள் தோளில் போர்த்தி ஓர் ஊக்கால் குத்திக்கொண்ட குட்டைத் துணி அது. பள்ளிப் பாடத்தில் வரும் கிளாமிடோமோனாஸ் என்ற பாசிக்கும் இதே வேர்தான்; உறவு பெயரோடு சரி. பாசி வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். கிளாமிடியாவோ இன்னோர் உயிரணுவுக்குள் புகாமல் பெருகவே முடியாத பாக்டீரியா; உடலுறவால் பரவும் தொற்றும் கண்நோயும் இதனால் வருகின்றன.

பெயர் வந்தது ஒரு கண்நோயால். 1907இல் ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் இருவரும் டிரக்கோமா நோயாளிகளின் இமையில் சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான்களின் கண்ணில் தடவினார்கள். கீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தபோது உயிரணுக்களுக்குள் நீலத் திட்டுகள். அவற்றில் பொடிப்பொடியாகத் துகள்கள், அவற்றைப் போர்த்தினாற்போல் ஒரு பொருள். ஆகவே ‘கிளாமிடோசோவா’, போர்வை விலங்குகள் என்றார்கள். விலங்கு என்றது பிழை. பாக்டீரியா வடிகட்டியில் நிற்காமல் கடந்துபோனதால் பிறகு வைரஸ் என்றார்கள், அதுவும் பிழை. டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் உண்டு, புரதம் ஆக்கும் ரைபோசோம் உண்டு, இரண்டாகப் பிளந்து பெருகும் என்பவை தெளிவான பின் 1960களில் பாக்டீரியா என்ற முடிவு உறுதியானது. ‘கிளாமிடியா வைரஸ்’ என்று இன்றும் எழுதுவது வெறும் எழுத்துப் பிழையல்ல. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, இதற்குக் கேட்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? பாக்டீரியாவுக்குக் ‘கோலுயிரி’ என்ற ஆக்கம் உண்டு; இது கோல் வடிவமே இல்லை, உருண்டை. முல்லைப்பாட்டு, பாசறையில் நின்ற யவனரின் உடையை ‘மெய்ப்பை’ என்கிறது. யவனரோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டுக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொல்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அங்கே வரும் வினை ‘மெய்ப்பை புக்க’. உடம்பை நுழைத்துக்கொள்ளும் சட்டை அது. கிளாமிஸ் மேலே போர்த்துவது. எனவே ‘போர்வை நுண்ணுயிரி’ என்பதே எங்கள் தேர்வு. மருந்துச் சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் மட்டும் ‘கிளாமிடியா’ என்றே இருக்கட்டும். அங்கே சொல் மாறினால் மருந்தும் மாறும்.

போர்வை என்ற சொல் வாழ்க்கைச் சுழற்சிக்கும் பொருந்துகிறது. இதற்கு இரண்டு உருவங்கள். வெளியே தாக்குப்பிடிப்பது சுமார் 0.3 மைக்ரோமீட்டர் உள்ள கெட்டியான ‘விதையுரு’. அது உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஒரு சவ்வுப் பைக்குள் அமர்கிறது. செரிக்கும் லைசோசோம் அந்தப் பையோடு சேராதபடி பார்த்துக்கொள்கிறது. உள்ளே ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டருக்கு ஊதி ‘வலையுரு’ ஆகிப் பிளந்து பெருகும். மீண்டும் விதையுருவாகி, 48 முதல் 72 மணி நேரத்தில் வெளியேறும். விதையுரு தொற்றும், பெருகாது. வலையுரு பெருகும், தொற்றாது. பெனிசிலின் கொடுத்தால் வலையுரு பிளக்க முடியாமல் வீங்கி, சாகாமல் காத்திருக்கும். மருந்து விலகியதும் வேலையைத் தொடரும்.

இனங்கள் பல. டிரக்கோமாட்டிஸ் மனிதருடையது: ஏ முதல் சி வரையான வகைகள் கண்ணுக்கு, டி முதல் கே வரை பிறப்புறுப்புக்கு, எல் வகைகள் தொடையிடுக்கில் வரும் அரையாப்புக் கட்டிக்கு. டிரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் ஒழிந்ததை உலக சுகாதார நிறுவனம் 2024இல் ஏற்றது. சிட்டாசி பறவைகளுடையது. மாடியில் புறா, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வார வேண்டும். தூசியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். அபார்டஸ் ஆடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும். கடலூர்ப் பக்கம் வயலில் கிடை போடும் இடத்தில் ஆடு குட்டி வீசினால், கர்ப்பிணிகள் அருகில் போகாதிருப்பதும், கையுறையோடு நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதும் அவசியம். அமீபாவுக்குள்ளும் மீன் செவுளிலும் வாழும் உறவினங்களும் உண்டு.

மிகப் பெரிய குழப்பம் ‘வெட்டை’ என்ற சொல்லில். வெட்டை என்பது கொனோரியா, வேறொரு பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய். கிளாமிடியாவையும் அப்படியே சொல்லி, கடையில் வெட்டைக்கான செஃபிக்சிம் மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கினால் வெட்டை போகும், கிளாமிடியா இருக்கும். அரசு மருத்துவமனையின் சாம்பல்நிறப் பொட்டலத்தில் செஃபிக்சிம் 400 மில்லிகிராமோடு அசித்ரோமைசின் 1 கிராம் சேர்ந்திருப்பது இதனால்தான். பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. வெள்ளைப்பட்டாலும் ‘சூடு’ என்று இளநீரோடு விட்டுவிடுவார்கள். அதற்குள் தொற்று மேலேறிக் கருக்குழாயில் தழும்பு விழும். பிள்ளைப்பேறு தடைபடலாம், கரு குழாயிலேயே தங்கவும் கூடும்.

பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது பலர் தவறுவது ஓர் இடத்தில். சாதாரண யூரின் கல்ச்சருக்கு நடுப்பகுதிச் சிறுநீர் பிடிப்போம். இதற்கு முதலில் வரும் 20–30 மில்லிதான் வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. பெண்களுக்கு யோனித் துடைப்பு மாதிரி இன்னும் நல்லது.

உறுதியானால் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 7 நாள். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. அவர்களுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. துணைவருக்கும் கூடவே சிகிச்சை வேண்டும், 7 நாள் உறவு கூடாது. நான்கு வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்தால் செத்த கிருமியின் டிஎன்ஏ கூட ‘பாசிட்டிவ்’ காட்டும். மூன்று மாதம் கழித்து வரும் பாசிட்டிவ் பெரும்பாலும் புதிய தொற்று.